மைதானம் யாருடையது?

இருபத்தெட்டு வயதுக்காரரை "சீனியர்" என்று கூப்பிடும் தொழில் ஒன்று இருக்கிறது. முப்பதைத் தொட்டுவிட்டால் "இன்னுமா ஆடுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். கணினித் திரைக்கு முன்னால் அமர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுதான் அது. நம் பத்திரிகைகள் மின் விளையாட்டு என்று எழுதுகின்றன. இதில் பத்து வருடம் தாக்குப்பிடித்த ஒருவர், தனக்குப் பெயர் வாங்கித் தந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, நேற்று வந்த ஆட்டத்துக்கு மாறினால் என்ன ஆகும்? இந்த வாரம் அதைப் பேசலாம்.

"இதெல்லாம் சின்னப் பையன்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2019 வரவு செலவுத் திட்டத்தில் இதன் வளர்ச்சிக்கென்று நம் அரசாங்கம் 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அதே 2019ல் பிலிப்பைன்சில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் இது பதக்கத்துக்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டு மாடி அறையில் இரவு இரண்டு மணிக்குக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கத்துகிற பையன் எதைப் பற்றிக் கத்துகிறான் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

பினாங்கில் 2000களில் படிவம் 4, படிவம் 5 படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பள்ளி விட்டதும் நேரே சைபர் கஃபேதான். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். ஒரு வரிசையில் கவுண்டர்-ஸ்டிரைக், அடுத்த வரிசையில் டோட்டா. மலாய்க்காரப் பையன், சீனப் பையன், நம் பையன் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். தோற்ற அணி எல்லாருக்கும் தே ஆயிஸ் வாங்கித் தரவேண்டும்.

மலேசியாவின் பெயரை உலக மேடைக்குக் கொண்டு போனதும் அந்தத் தலைமுறைதான். 2012ல் சியாட்டலில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியான 'தி இன்டர்நேஷனல்'லில் சீனாவின் இன்விக்டஸ் கேமிங் அணி வென்றது. முதல் பரிசு 10 லட்சம் அமெரிக்க டாலர். அந்த ஐவரில் ஒருவர் மலேசியரான வோங் ஹோக் சுவான். அடுத்த ஆண்டு அதே போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அதில் ஆடிய சாய் யீ ஃபுங்கை 'முஷி' என்றால்தான் பலருக்குத் தெரியும்.

இந்த இருவருமே மாறி வந்தவர்கள். அவர்கள் வளர்ந்தது பழைய டோட்டாவில். அது வார்கிராஃப்ட் 3 என்ற விளையாட்டின் மேல் ரசிகர்கள் ஒட்டுப்போட்டுச் செய்த ஆட்டம். அதை வால்வ் நிறுவனம் டோட்டா 2 என்று புதிதாகக் கட்டி, 2011ல் முதல் உலகப் போட்டியை ஜெர்மனியின் கொலோன் நகரில் நடத்தியது. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே வரைபடத்தில் புது வீடு கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை எங்கே, படிக்கட்டு எங்கே என்று ஏற்கெனவே தெரியும். அந்த மாற்றம் எளிது.

எல்லா மாற்றமும் அப்படி இருப்பதில்லை.

நம் ஊர் நிக்கோல் டேவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாஷில் எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் உலகின் முதல் நிலை. சின்ன வயதில் பினாங்கில் அவர் ஓடிய களமும், உலகக் கோப்பையை வாங்கியபோது ஓடிய களமும் ஒரே அளவு: 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். எந்த முதலாளியும் ஒருநாள் காலையில் எழுந்து "இன்று முதல் ஸ்குவாஷ் கிடையாது" என்று சொல்லிவிட முடியாது. ஸ்குவாஷ் எவருக்கும் சொந்தமில்லை.

மின் விளையாட்டில் மைதானத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. பந்து, கம்பம், நேரம், விதி எல்லாமே ஒரு நிறுவனத்தின் சொத்து. ப்ளிசார்ட் நிறுவனம் 2018 டிசம்பரில் ஓர் அறிக்கை விட்டது. ஹீரோஸ் ஆஃப் த ஸ்டோர்ம் என்ற ஆட்டத்துக்கு அதுவரை நடத்தி வந்த உலகத் தொடர் அடுத்த ஆண்டு நடக்காது, அவ்வளவுதான். அதை நம்பிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களின் பிழைப்பு ஒரே நாளில் போனது. டோட்டாவோடு போட்டி போட்டு 2010ல் வெளிவந்த ஹீரோஸ் ஆஃப் நியூவெர்த் 2022 ஜூன் 20ஆம் தேதி மூடப்பட்டது. அதில் பத்தாண்டு பழகிய கை இருந்தும் அன்று ஆட இடமில்லாமல் போனது.

ஆக, "ஆட்டத்தை மாற்றுகிறான், நிலையில்லாதவன்" என்று சட்டென்று தீர்ப்புச் சொல்வது சரியில்லை. பல நேரம் மைதானம்தான் முதலில் காலடியிலிருந்து நழுவுகிறது.

இதை நான் இவ்வளவு தூரம் யோசித்ததற்குக் காரணம் என் அக்காள் மகன். வயது இருபத்தெட்டு. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பதினைந்து வயதிலிருந்து கவுண்டர்-ஸ்டிரைக். உள்ளூர்ப் போட்டிகளில் அணித் தலைவன், சில கோப்பைகள், கொஞ்சம் பரிசுப் பணம். அந்த அணி கலைந்துவிட்டது. ஒருவனுக்குக் கல்யாணம், இன்னொருவன் சிங்கப்பூர் போய்விட்டான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான்.

"மாமா, நான் வேலோரண்ட்டுக்கு மாறப் போறேன். வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் முழுசா ஆடிப் பாக்கலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்."

அக்காள் தைத்துச் சம்பாதித்து அவனைப் படிக்க வைத்தவள். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை. "பேசுகிறேன்" என்றும் சொல்ல முடியவில்லை, "போடா" என்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கச் சொன்னேன். அவன் சொன்னதையும், பிறகு நானே தேடித் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

கவுண்டர்-ஸ்டிரைக் 1999ல் பிறந்தது. ரயட் கேம்ஸின் வேலோரண்ட் வெளியானது 2020 ஜூனில். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஓர் அணி குண்டு வைக்கவேண்டும், மற்றது தடுக்கவேண்டும் அல்லது செயலிழக்கச் செய்யவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பணம் கிடைக்கும். அதில் துப்பாக்கி வாங்குவதா, இந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துச் சேர்த்து வைப்பதா என்று கணக்குப் போடவேண்டும். ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும், நின்று சுடவேண்டும். இதெல்லாம் பொது.

உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். 2020ல் பலர் மாறியபோது கவுண்டர்-ஸ்டிரைக்கில் ஒரு சுற்று 1 நிமிடம் 55 விநாடி, வேலோரண்ட்டில் 1 நிமிடம் 40 விநாடி. அங்கே வைத்த குண்டு 40 விநாடியில் வெடிக்கும், இங்கே 45. அங்கே செயலிழக்கச் செய்யும் கருவியைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் 5 விநாடி, இல்லையென்றால் 10. இங்கே எல்லாருக்கும் 7 விநாடி. கேட்கும்போது சின்ன எண்கள்தான். ஆனால் பத்து வருடம் ஆடியவன் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. "இப்போது ஓடினால் முடியும், இப்போது முடியாது" என்று அவன் உடம்பே சொல்லும். புது ஆட்டத்தில் அந்த உடம்புக் கடிகாரம் தப்பாக மணி அடிக்கிறது. ஒன்றுமே தெரியாத புதியவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழையவன் முதலில் மறக்கவேண்டும், பிறகுதான் கற்கவேண்டும்.

இன்னொன்று, பழைய ஆட்டத்தில் புகைக்குண்டு, கண்கூசும் குண்டு போன்றவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வேலோரண்ட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித் திறமை. ஒருவர் சுவர் எழுப்புவார், ஒருவர் அம்பு விட்டு எதிரி இருக்கும் இடத்தைக் காட்டுவார், ஒருவர் செத்தவரை எழுப்புவார். புதிய பாத்திரங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். நேற்று மனப்பாடம் செய்தது நாளை செல்லாது.

சரி, இப்படி மாறி ஜெயித்தவர் யாராவது உண்டா? உண்டு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கனடியர் புஜன் மேத்தா. ஆட்டப் பெயர் எஃப்.என்.எஸ். கவுண்டர்-ஸ்டிரைக்கில் பல ஆண்டுகள் பல அணிகள் மாறி மாறி ஆடியவர். பெரிய உலகக் கோப்பை எதுவும் கிட்டவில்லை. 2020ல் வேலோரண்ட்டுக்கு மாறி டீம் என்வி அணியின் தலைவரானார். 2021 செப்டம்பரில் பெர்லினில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் அந்த அணி இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. அதே ஐவர் 2022 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில், ஆப்டிக் கேமிங் என்ற பெயரில், பிரேசிலின் லவுட் அணியை 3-0 என்று வீழ்த்தி மாஸ்டர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். மேத்தாவுக்கு அப்போது முப்பது வயது ஆகியிருந்தது. அந்தத் தொழில் கணக்கில் தாத்தா.

அவர் எதை வைத்து ஜெயித்தார் என்பதுதான் முக்கியம். அந்த அணியில் துப்பாக்கிக் குறிக்குப் பெயர் பெற்றவர் ஜேக்கப் வைட்டேக்கர் என்ற இளைஞர், மேத்தா அல்ல. மேத்தாவின் வேலை அழைப்பு விடுவது. எந்தப் பக்கம் போவது, எப்போது நிற்பது, எதிரணித் தலைவன் மூன்று சுற்று முன்னால் என்ன செய்தான், பணம் தீர்ந்த நிலையில் இப்போது என்ன செய்வான் என்று நூறு விநாடிக்குள் முடிவெடுத்து நான்கு இளைஞர்களை ஒரே திசையில் நடத்துவது. அந்த மூளை கவுண்டர்-ஸ்டிரைக்குக்குச் சொந்தமானதல்ல, அவருக்குச் சொந்தமானது. மைதானம் மாறியபோது அதைக் கூடவே எடுத்துப் போக முடிந்தது.

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். தென் கொரியாவின் லீ யங்-ஹோ, 'ஃப்ளாஷ்' என்றால் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களுக்குக் கடவுள் மாதிரி. விரல் வேகத்திலும் காய் நகர்த்தலிலும் அவருக்கு நிகரில்லை என்ற பெயர். 2012ல் கொரியாவின் தொடர்கள் ஸ்டார்கிராஃப்ட் 2க்கு மாறியபோது அவரும் மாறவேண்டி வந்தது. புதிய ஆட்டத்திலும் நன்றாகவே ஆடினார், 2014ல் டொராண்டோவில் ஒரு பட்டமும் வென்றார். ஆனால் பழைய சிம்மாசனம் கிடைக்கவில்லை. 2015 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். பிறகு பழைய ஸ்டார்கிராஃப்டுக்கே திரும்பினார், மறுபடியும் பட்டங்கள் வரிசையாக வந்தன. அமெரிக்கரான நிக் கனெல்லாவும் 2020ல் கவுண்டர்-ஸ்டிரைக்கை விட்டு வேலோரண்ட் போய், 2022ல் தன் பழைய அணிக்கே திரும்பியவர். யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சிலருடைய திறமை அந்த மண்ணில் மட்டும் விளையும் பயிர்.

இதையெல்லாம் படித்தபோது என் நினைவு மின் விளையாட்டை விட்டு நம் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

1786 முதல் சுங்கவரியற்ற துறைமுகமாக இருந்த ஊர் பினாங்கு. தொங்கானிலிருந்து மூட்டை இறக்கியவர், கிடங்கில் கணக்கெழுதிய கிராணி, கரையோரம் உணவுக்கடை போட்டவர் என்று நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் துறைமுகத்தை நம்பி வாழ்ந்தன. 1969ல் அந்தத் தகுதி எடுக்கப்பட்டது. மைதானத்தின் விதியை வேறெங்கோ இருந்தவர்கள் மாற்றினார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. 1972ல் பாயான் லெப்பாஸில் தடையற்ற தொழிற்பேட்டை தொடங்கியது, இன்டெல் வந்தது. ஊர் புதிய ஆட்டத்துக்கு மாறிக்கொண்டது, பிழைத்தது. இன்று எல்லாரும் அதைப் பெருமையாகச் சொல்கிறோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறோம். அந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் முதலில் வேலைக்கு அழைத்தது பெரும்பாலும் இளம் பெண்களை. மூட்டை தூக்கிய தோளுக்கு நுண்ணோக்கிக்கு முன்னால் வேலை இல்லை. ஊர் மாறியது என்பது உண்மை. ஊரில் இருந்த ஒவ்வொருவரும் மாற முடிந்தது என்பது உண்மையல்ல. கணக்குத் தெரிந்த கிராணிக்கு இன்னொரு மேசை கிடைத்திருக்கும். தோள்பலத்தை மட்டும் நம்பியவருக்கு அது கடினம். மின் விளையாட்டில் விரல் வேகம்தான் அந்தத் தோள்பலம்.

அக்காள் மகனிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். "நாளைக்கே கவுண்டர்-ஸ்டிரைக் இல்லாமல் போனால் உன்னிடம் என்ன மிஞ்சும், எழுது" என்றேன். முதலில் தன் சுடும் கணக்கு, தரவரிசை, கோப்பைகள் என்று எழுதினான். பிறகு அவனே ஒவ்வொன்றாக அடித்தான். கடைசியில் மிஞ்சியது மூன்று வரி. சுற்றுப் பணத்தைக் கணக்குப் பார்த்து முடிவெடுப்பான். தோற்றுக்கொண்டிருக்கும்போது அணியில் யாரையும் திட்டமாட்டான். மூன்றாவதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது: மலாய், தமிழ், ஹொக்கியென் மூன்றிலும் அழைப்பு விடுவான். பினாங்கில் பிறந்ததற்குக் கிடைத்த சொத்து.

"இந்த மூன்றுக்கும் வேலையை விடவேண்டியது அவசியமா?" என்று மட்டும் கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

வேலையை விடவில்லை. இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் மூன்று மாலையும், ஞாயிற்றுக்கிழமையும் என்று நேரம் பிரித்துக்கொண்டான். புது ஆட்டத்தில் அவனைக் கீழ்மட்டத் தரவரிசையில் போட்டார்கள். பதினான்கு வயது இருக்கும் ஒரு பையன் "அங்கிள், மேப் தெரியலன்னா ஓரமா நில்லுங்க லா" என்றானாம். அன்றிரவு சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று அக்காள் சொன்னாள். மறுநாள் அதே பையனைத் தேடிப் பிடித்து, எந்த இடத்தில் எப்படி நிற்பது என்று கேட்டுக் கற்றுக்கொண்டானாம். என்னைக் கேட்டால், பதின்மூன்று வருடத்தில் அவன் வென்ற எந்தக் கோப்பையையும்விட அது பெரிய காரியம்.

இப்போது பட்டர்வொர்த் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர், பத்தொன்பது இருபது வயது, அவனைத் தலைவனாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கலந்துகொண்ட இரண்டு போட்டிகளிலும் முதல் நாளே வெளியேறினார்கள். அக்காள் ஒரு வருடம் கெடு கொடுத்திருக்கிறாள். அதற்குள் அந்த நான்கு பேரில் ஒருவனாவது இவனைவிட நன்றாக அழைப்பு விடக் கற்றுக்கொண்டால் இவன் பயிற்சியாளராகலாம் என்பது என் கணக்கு. அவன் இன்னும் கோப்பைக் கணக்கில்தான் இருக்கிறான். இருக்கட்டும், வயது அப்படி.

மாற நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புது ஆட்டத்தில் பரிசுப் பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், பழைய ஆட்டத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று பாருங்கள். விரல் வேகம் மட்டும்தான் என்றால், பழைய மைதானம் இருக்கும்வரை அங்கேயே ஆடுவது கேவலமில்லை. ஆட்களை நடத்தத் தெரியும், நெருக்கடியில் பதறமாட்டேன் என்றால் தயங்காமல் போங்கள். ஆனால் முதல் ஆறு மாதம் பழைய பெயரைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அங்கே அதைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. "இதில் எவ்வளவு சம்பாதித்தாய்?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. "நாளைக்கு இந்த ஆட்டத்தை மூடிவிட்டால் உன்னிடம் என்ன இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பையனிடம் நல்ல பதில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி. இல்லையென்றால் தேட ஆரம்பிப்பான். எப்படியானாலும் அவன் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.